மதினிக்கு ஒரு மணி நேரம் தூக்கம் வேணும், வீட்டுல நாங்க என்ன கத்துக்கணும்? (சிபி, அதாவது செரிப்ரல் பால்சிங்கற மூளை முடக்குவாதம், உள்ள பிள்ளைகளோட வீட்டுக்காரங்க சொல்லுங்க)

செங்கோட்டை_சித்தப்பா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டைல இருந்து எழுதுதேன். எங்க அண்ணன் மவனுக்கு 6 வயசு முடியப் போவுது, சிபி. பிறந்த உடனே அழலை, மூச்சு வர லேட்டாயிட்டு, மூளைக்கு ஆக்சிஜன் போகலன்னு சொன்னாவ. கழுத்து இன்னும் முழுசா நிக்கல, தானா உக்கார மாட்டான், பேச்சு இல்ல. ஆனா எல்லாம் புரியுது அவனுக்கு. கொல்லம் ரயில் சத்தம் கேட்டா ரெண்டு கையையும் விரிச்சு சிரிப்பான், வீடு ஸ்டேஷன் பக்கம்தான்.

அண்ணன் லோடு லாரி ஓட்டுதான், கோட்டயம் கொச்சின்னு போனா திரும்பி வர 3 நாள் 4 நாள் ஆவும். வீட்டுல மதினி, எங்க அம்மா, மூத்த பிள்ளை (பொண்ணு, 9 வயசு, நாலாங்கிளாஸ்), இவன். நானும் என் வீட்டுக்காரியும் அடுத்த தெரு. எனக்கு மரக்கடைல வேலை, சாயங்காலம் 6 மணிக்கு மேல ஃப்ரீதான்.

போன வாரம் மதினி அடுப்படில நின்னுக்கிட்டே தூங்கிட்டாவ. தோசைக்கல்லுல கை பட்டு உள்ளங்கை கொப்பளிச்சு போச்சு. அந்தக் கையோடயே அவனை தூக்கி மடில வச்சு கூழ் ஊட்டுதாவ, ஒரு வேளை சாப்பாடு ஒரு மணி நேரம் இழுக்கும், ராத்திரி 3, 4 தடவை எந்திக்கணும், ஆறு வருசமா இப்படித்தான் ஓடுது. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு "எதும் வேணும்னா சொல்லுங்க மதினி"ன்னேன். "சரி தம்பி"ன்னாவ. அன்னைக்கு ராத்திரி எனக்கு உறக்கம் வரல. இந்த வார்த்தைய நான் ஆறு வருசமா சொல்லுதேன், அவுக ஒரு நாள் கூட எதையும் கேட்டது கிடையாது.

பணம் பத்தி கேக்கல, அது நாங்க முடிஞ்ச அளவு பாத்துக்கிடுதோம். எனக்கு தெரிய வேண்டியது, நான் போய் நின்னா என்ன செய்யணும், எதை கத்துக்கணும். அவனை தூக்கவே எனக்கு பயமா இருக்கு, உடம்பு ஒரு நேரம் கட்டை மாதிரி விறைக்கும், ஒரு நேரம் தலை பின்னால சாஞ்சிரும்.


குளத்துப்புழா_அம்மா எழுதியது:

தம்பி, நாங்க சிலோன்ல இருந்து வந்த குடும்பம், ரப்பர் எஸ்டேட்தான். மகளுக்கு 15 வயசு, சிபி, கூடவே ஃபிட்ஸும் உண்டு. ஒன்னு சொல்றேன் கோவிச்சுக்காதீங்க. "எதாவது வேணும்னா சொல்லு"ங்கறது சொல்றவங்களுக்கு நல்ல வார்த்தை, கேக்குற எங்களுக்கு அது இன்னொரு வேலை. என்ன கேக்கலாம், யாருகிட்ட கேக்கலாம், கேட்டா அவங்க முகம் எப்படி மாறும், அவங்க வந்தா அவங்களுக்கு டீ போடணும், சொல்லிக் குடுக்கணும், இதெல்லாம் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நாமளே செஞ்சிறலாம்னு தோணிரும். அதான் உங்க மதினி கேக்கல.

எங்க நாத்தனார் என்கிட்ட கேக்கவே இல்ல. ஒரு நாள் வந்து "செவ்வாயும் வெள்ளியும் 4 மணிக்கு வருவேன், 6 மணி வரைக்கும் இவ என் பொறுப்பு"ன்னு சொன்னாங்க. வந்தாங்க. ஜூன் மாச மழை தெரியும்ல எங்க பக்கம், அதுலயும் குடைய புடிச்சுக்கிட்டு வந்தாங்க. முதல் ரெண்டு வாரம் நான் எங்கயும் போகல, ரூம் வாசல்லயே உக்காந்து அவங்க செய்யற ஒவ்வொன்னையும் தப்புன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். அவங்க ஒரு வார்த்தை திருப்பி பேசல. மூணாவது வாரம் அந்த வாசல்லயே சுவர்ல சாஞ்சு தூங்கிட்டேன். எந்திரிச்சப்ப இருட்டிடுச்சு, மக சாப்டு முடிச்சு துணி மாத்தி படுத்திருக்கா, எனக்கு மேல ஒரு போர்வை. அன்னைக்கு நான் அழுத அழுகை என் கல்யாணத்துல கூட அழல.

அதனால நாளும் நேரமும் நீங்களே சொல்லுங்க, சொன்னா மாறக்கூடாது. வாரத்துக்கு ஒரு நாள்னா ஒரே நாள் போதும். எங்களுக்கு வேண்டியது அந்த நேரம் நிச்சயம் வரும்ங்கற நம்பிக்கை.

கத்துக்க வேண்டியதுல முதல்ல ஊட்டுறது. ஒரு வாரம் மதினி பக்கத்துல உக்காந்து சும்மா பாருங்க, எதுவும் செய்யாதீங்க. எங்க மக போதும்னா வாயை இடது பக்கம் லேசா கோணுவா, இன்னும் வேணும்னா நாக்கை வெளிய நீட்டுவா, சளி கட்டியிருந்தா முழுங்குறப்ப கண்ணை இறுக்கி மூடுவா. இதை எந்த டாக்டரும் எழுதித் தர மாட்டாங்க. அவன் பாஷை மதினிக்கு மட்டும்தான் இப்ப தெரியும், அது ரெண்டாவது ஆளுக்கும் தெரியணும், அதுதான் பெரிய உதவி. நாளைக்கு மதினிக்கு காய்ச்சல் வந்தா யாரு ஊட்டுவா?

இந்தப் பக்கம் எங்களுக்கு பஞ்சாயத்துல இருந்து பாலியேட்டிவ் சிஸ்டர் (நாள்பட்ட நோயாளிகளை வீட்டுல வந்து பாத்துக்கிற நர்ஸ்) வருவாங்க. கேரளாவுல 2008லயே இதுக்குன்னு அரசு கொள்கை போட்டாங்க, வயசானவங்களுக்கு மட்டும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, எங்க பிள்ளைங்களுக்கும் உண்டு. படுத்த படுக்கையா உள்ளவங்களை பாத்துக்கிறவங்களுக்கு ஆஸ்வாசகிரணம்னு மாசம் 600 ரூபா இருக்கு, தவணை தவறி தவறித்தான் வரும், ஆனாலும் அது பிள்ளைக்கு இல்ல, பாத்துக்கிற எனக்குன்னு வர்ற காசு, முதல் தடவை வந்தப்ப அந்த வித்தியாசம் மனசுக்கு பெரிசா இருந்துச்சு.


தென்காசி_பிசியோ எழுதியது:

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. நான் இந்த ஏரியால வீடு வீடா போய் பிசியோ குடுக்கறேன், 11 வருசமாச்சு. தம்பி கேட்ட விசயத்துக்கு வர்றேன்.

தூக்குறதுக்கு பயப்படாதீங்க, ஆனா கக்கத்துல கைய குடுத்து அப்படியே இழுத்து தூக்காதீங்க, அப்படி தூக்கினா உடம்பு இன்னும் விறைக்கும், கால் ரெண்டும் கத்திரி மாதிரி பின்னிக்கும். முதல்ல அவனை ஒரு பக்கமா திருப்புங்க, முட்டியை மடக்குங்க, மடக்கினா இறுக்கம் தானா விடும். ஒரு கை கழுத்துக்கும் தோளுக்கும் அடியில, ஒரு கை தொடைக்கு அடியில, உங்க நெஞ்சோட சேத்து அணைச்சு உங்க முட்டியை மடக்கி எந்திரிங்க. இடுப்பை வளைச்சு தூக்கினா அடுத்த வருசம் நீங்க என்கிட்ட பேஷண்டா வருவீங்க. உங்க மதினிக்கு இப்பவே இடுப்பு வலி இருக்கும், கேட்டுப் பாருங்க. நான் போற வீடுகள்ல முதுகு போகாத அம்மாவை நான் பாத்ததே இல்ல, பிள்ளைக்கு 6 வயசுல 14 கிலோன்னா 12 வயசுல 25 கிலோ ஆயிரும், அம்மாவுக்கு வயசு ஏறிக்கிட்டு இருக்கும்.

ஊட்டுறப்ப படுக்க வச்சோ தலைய பின்னால சாய்ச்சோ ஊட்டாதீங்க. நம்ம ஊர்ல பாலாடைல ஊட்டி பழகுன கை, தலைய சாய்ச்சு வாய்க்குள்ள ஊத்திருவாங்க. அது மூச்சுக்குழல்ல போகும், அதான் மாசத்துக்கு ஒரு தடவை சளி, நிமோனியா, அட்மிஷன். நேரா உக்கார வச்சு, தாடை லேசா கீழ பாக்கணும், நீங்க அவன் முன்னாடி அவன் கண்ணுக்கு நேரா கீழ உக்காருங்க, தட்டையான சின்ன ஸ்பூன், நாக்கு நடுவுல வச்சு லேசா அமுக்கி எடுங்க. கூழ் தண்ணியா இருக்கக்கூடாது, ஸ்பூனை கவுத்தா மெதுவா நழுவி விழணும். சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்க வைக்காதீங்க. ஒவ்வொரு வேளையும் ஒரு மணி நேரம் ஆவுது, எடையும் ஏறலன்னா அதை டாக்டர்கிட்ட தனியா சொல்லுங்க, டியூப் வழியா நேரா வயித்துக்கு சாப்பாடு குடுக்கறதை பத்தி பேசுவாங்க. டியூப்னதும் எல்லாரும் பயப்படறாங்க, டியூப் வச்ச ஒரு வீட்டுல அம்மாவும் பிள்ளையும் முகம் தெளிஞ்சதை நான் கண்ணால பாத்திருக்கேன்.

இன்னொன்னு, நடக்காத பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல விலகும், வலி வர்றதுக்கு முன்னாடி வெளிய தெரியாது. வருசத்துக்கு ஒரு தடவை இடுப்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்க.

நீங்க செங்கோட்டைன்னா ஆய்க்குடி பக்கத்துலதான். அங்க மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் போயிருக்கீங்களா? 1981ல தொடங்கினது. ஆரம்பிச்ச ராமகிருஷ்ணன் ஐயா 1975ல கப்பற்படை தேர்வுல கீழ விழுந்து கழுத்துக்கு கீழ செயலிழந்தவர், 2020ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அங்க பிள்ளைக்கு தெரபி மட்டும் இல்ல, வீட்டுக்காரங்களுக்கு சொல்லிக் குடுப்பாங்க. அண்ணன் வர்ற நாள் பாத்து குடும்பமா போங்க, மதினியை மட்டும் அனுப்பாதீங்க. தெரபிக்கு அம்மா மட்டும் வந்தா கத்துக்கிட்டது அம்மாவோடயே நின்னுரும்.


குத்தாலம்_மணி எழுதியது:

தம்பி தப்பா நினைக்க வேண்டாம், எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் பிள்ளைக்கு ஸ்டெம் செல் (குருத்தணு) சிகிச்சை பண்ணி நல்லா வந்துட்டுன்னு சொன்னாவ. கொஞ்சம் செலவு ஆவும். இல்லன்னா நல்ல ஹோம் பாத்து சேத்து விட்டா மதினிக்கு நிம்மதி. மூத்த பிள்ளை வாழ்க்கையும் பாக்கணும்ல.


கடையநல்லூர்_வாப்பா எழுதியது:

மணி அண்ணாச்சி, நீங்க நல்ல மனசுல சொல்லுதீங்க, தெரியுது. ஆனா நான் செஞ்சு பாத்தவன், அதனால சொல்லுதேன். நான் அப்ப கத்தார்ல. ஒரு பெரிய ஊர்ல ஒரு இடத்துல "மூணு ஊசி, நாலாவது மாசம் தலை நிக்கும், ஒரு வருசத்துல உக்காருவான்"ன்னாங்க. வீட்டு நகை மொத்தம் போச்சு, இருந்த ஒரு மனையும் போச்சு. மூணு ஊசி போட்டாச்சு. தலை நிக்கல. திரும்பி போய் கேட்டா "இன்னும் ரெண்டு ஊசி போட்டா தெரியும்"ன்னாங்க. என் மவன் அந்த ஊசி போட்ட ராத்திரி முழுக்க அழுதான், அது மட்டும்தான் மிச்சம். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 வழிகாட்டுதல்லயே ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்களுக்கு தவிர மத்த எல்லாத்துக்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சியா மட்டும்தான் செய்யலாம், ஆராய்ச்சிக்கு ஆள்கிட்ட காசு வாங்கக்கூடாதுன்னு இருக்கு. அது எனக்கு பின்னால ஒரு அரசு டாக்டர் சொல்லித்தான் தெரியும். முன்னாடியே யாராவது என் பக்கத்துல உக்காந்து சொல்லியிருந்தா அந்த மனை இன்னைக்கு இருந்திருக்கும். சித்தப்பா, உங்க அண்ணன்கிட்டயும் யாராவது இப்படி வருவாங்க, அந்த நேரம் அவன் கூட நில்லுங்க.

ஹோம் விசயம், சில வீட்டுக்கு வேற வழி இருக்காது, அவங்களை நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஆனா பக்கத்து தெருவுல சித்தப்பா இருக்கற வீட்டுல முதல் பேச்சே அதுவா இருக்கக்கூடாது.


குத்தாலம்_மணி எழுதியது:

தெரியாம சொல்லிட்டேன் பாய். மனசு கஷ்டமா இருக்கு. அவருகிட்டயும் உண்மையிலயே பிள்ளை நடக்குதான்னு கேக்குதேன்.


தம்பியோட_அக்கா எழுதியது:

நான் இங்க எழுத வந்ததே அந்த 9 வயசு பிள்ளைக்காக. என் தம்பிக்கு மனவளர்ச்சி குறைபாடு, கூட ஆட்டிசமும். எனக்கு இப்ப 24. நாங்க புளியரை.

சின்ன வயசுல நான் ரொம்ப நல்ல பிள்ளை. எல்லாரும் சொல்வாங்க, "இது எதையும் கேக்காது, அம்மாவுக்கு எவ்வளவு ஒத்தாசை"ன்னு. அஞ்சாங்கிளாஸ்ல ஆண்டு விழால எனக்கு கட்டுரைப் போட்டில முதல் பரிசு, ஸ்டேஜ்ல பேர் கூப்பிட்டாங்க, அம்மா வர முடியல, அன்னைக்கு தம்பிக்கு உடம்பு சரியில்ல. பரிசு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். வீட்டுக்கு வந்து அதை அலமாரிக்கு அடியில ஒளிச்சு வச்சேன், அம்மா பாத்தா வருத்தப்படுவாங்கன்னு. ரெண்டு வருசம் கழிச்சு அம்மா வீடு கழுவுறப்ப எடுத்து பாத்துட்டு ஒன்னும் பேசாம அதுல எனக்கு மறுநாள் புளிசாதம் கட்டிக் குடுத்தாங்க.

சித்தப்பா, அந்தப் பிள்ளை எதையும் கேக்காம இருந்தா, அதை நல்ல குணம்னு மட்டும் பாராட்டி விட்டுறாதீங்க. மாசத்துக்கு ஒரு தடவை அவளை மட்டும் எங்கயாவது கூட்டிட்டு போங்க, தம்பியை பத்தி பேசாம. முடிஞ்சா நீங்க தம்பியை பாத்துக்கிட்டு அவ அம்மாவை அவகூட அனுப்புங்க, அதுதான் அவளுக்கு வேணும். இன்னொரு விசயம், "நாளைக்கு உன் தம்பியை நீதானே பாக்கணும்"ன்னு அவகிட்ட சொல்ற சொந்தக்காரங்களை தடுங்க. நான் என் தம்பியை பாப்பேன், கண்டிப்பா பாப்பேன், ஆனா அது 8 வயசுல என் தலைல வச்ச பாரம். அப்ப ராத்திரியெல்லாம் அம்மா செத்துட்டா இவனுக்கு எப்படி சோறு ஊட்டுறதுன்னு யோசிச்சுக்கிட்டு படுத்திருப்பேன்.


செங்கோட்டை_சித்தப்பா எழுதியது:

அக்கா, உங்க பதிவை என் வீட்டுக்காரிகிட்ட சத்தமா படிச்சுக் காட்டினேன், பாதியில முடியல. அந்த வார்த்தைய எங்க அம்மாவே அவகிட்ட சொல்லியிருக்காவ, நானும் கேட்டுக்கிட்டு சும்மா இருந்திருக்கேன். ஞாயித்துக்கிழமை அவளும் மதினியும் இலஞ்சி கோயிலுக்கு போறாவ, நானும் வீட்டுக்காரியும் சின்னவன்கூட இருக்கோம். முடிவு பண்ணிட்டோம்.

அப்புறம் நேத்து ஒரு விசயம் நடந்துட்டு. அவனுக்கு ஃபிட்ஸ் வந்துட்டு. முன்ன ரெண்டு தடவை வந்ததாம், நான் பாத்தது இதான் முதல். அக்கம்பக்கத்துல எல்லாரும் ஓடி வந்தாவ, ஒருத்தர் கைல சாவி வச்சாரு, ஒருத்தர் வாய்ல துணி வைக்க வந்தாரு, எனக்கு கை கால் ஓடல. மதினி எல்லாரையும் தள்ளிவிட்டுட்டு அவனை சாய்ச்சு புடிச்சுக்கிட்டாவ. என்ன செய்யணும் சொல்லுங்க.


குளத்துப்புழா_அம்மா எழுதியது:

உங்க மதினி செஞ்சதுதான் சரி. இதை எழுதி அந்த வீட்டு சுவர்ல ஒட்டுங்க, அக்கம்பக்கத்துலயும் சொல்லுங்க. ஃபிட்ஸ் வந்தா முதல்ல மணி பாக்கணும். ஒரு பக்கமா சாய்ச்சு படுக்க வைக்கணும், எச்சில் வாந்தி வெளிய வடியட்டும். பக்கத்துல இடிக்கற சாமான் இருந்தா தள்ளி வைங்க, தலைக்கு அடியில மடிச்ச துணி. வாய்க்குள்ள எதுவும் வைக்கக்கூடாது, துணி, ஸ்பூன், விரல் எதுவும். தண்ணி ஊத்தக்கூடாது. கை காலை அமுக்கிப் புடிக்கக்கூடாது. சாவியால ஒன்னும் ஆகாது, பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிசத்துல அதுவா நிக்கும், அப்ப சாவிதான் நிறுத்துச்சுன்னு நினைச்சுக்கிறாங்க. 5 நிமிசம் தாண்டினாலோ, ஒன்னு நின்னு நினைவு திரும்பாம அடுத்தது வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. எங்க மகளுக்கு டாக்டர் மூக்குல அடிக்கற ஸ்ப்ரே எழுதிக் குடுத்திருக்காரு, அது கதவுக்குப் பின்னாடி ஒரு பையில தொங்கும், வீட்டுல எல்லாருக்கும் அடிக்கத் தெரியும், எங்க 11 வயசு மகனுக்கும் தெரியும். உங்க டாக்டர்கிட்டயும் கேளுங்க. முடிஞ்சா போன்ல வீடியோ எடுங்க, டாக்டருக்கு அதுதான் பெரிய உதவி.

மாத்திரை ஒரு நாளும் தீரக்கூடாது தம்பி. 2020 ஊரடங்குல ஆரியங்காவு செக்போஸ்ட் அடைச்சப்ப திருவனந்தபுரத்துல மருந்து வாங்கற உங்க பக்கத்து ஆளுங்க எவ்வளவு கஷ்டப்பட்டாங்கன்னு நான் பாத்திருக்கேன். திடீர்னு மாத்திரை நின்னா ஃபிட்ஸ் அடுக்கடுக்கா வரும். எப்பவும் 15 நாளைக்கு கூடுதலா வீட்டுல இருக்கணும், அந்த மருந்து வாங்குற வேலையை நீங்க எடுத்துக்கங்க. மதினி மனசுல இருந்து ஒரு கணக்கு குறையும்.


கடையநல்லூர்_வாப்பா எழுதியது:

பேப்பர் வேலை பத்தி யாரும் சொல்லல, அதை நான் சொல்லுதேன், ஏன்னா இது சித்தப்பாமார்கள் எடுத்து செய்யக்கூடிய வேலை, பிள்ளையை தொடக்கூட வேண்டாம், ஆனா அலைச்சல் ஜாஸ்தி.

முதல்ல யுடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இருக்கான்னு பாருங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 21 வகை குறைபாடு உண்டு, சிபி அதுல ஒன்னு, 40 சதவீதம் இருந்தாத்தான் பெரும்பாலான சலுகை. தமிழ்நாட்டுல கடுமையா பாதிக்கப்பட்டவங்களுக்கு, அதாவது 75 சதவீதத்துக்கு மேல உள்ளவங்களுக்கு, பராமரிப்பு உதவித்தொகை மாசம் 2,000, 2023 ஜனவரில 1,500ல இருந்து ஏத்தினாங்க. நிராமயான்னு மத்திய அரசோட நேஷனல் டிரஸ்ட் தர்ற மருத்துவ இன்சூரன்ஸ், ஆட்டிசம், சிபி, மனவளர்ச்சி குறைபாடு, பல்வகை குறைபாடு இந்த நாலுக்கும், வருசம் 1 லட்சம் வரைக்கும், தெரபி செலவுக்கும் அதுல ஒரு பங்கு எடுக்கலாம். பில்லு எல்லாம் பத்திரமா வைக்கணும். ரயில்ல ஸ்லீப்பர்ல 75 சதவீதம் கட்டணச் சலுகை, கூட வர்ற ஒருத்தருக்கும் சேத்து, ஆனா ரயில்வே ஃபார்ம்ல அரசு டாக்டர் கையெழுத்து வேணும். உங்க அண்ணன் வரி கட்டுற ஆள் இல்லன்னு நினைக்கேன், கட்டுறவங்க யாராவது படிச்சா, வருமான வரி பழைய முறைல 80டிடின்னு சொல்ற கழிவு இருக்கு, வரி கணக்குல வருமானத்துல 75,000 கழிச்சுக்கலாம், குறைபாடு 80 சதவீதத்துக்கு மேலன்னா 1,25,000.

நம்ம எல்லைக்காரங்களுக்கு உள்ள தொல்லை என்னன்னா, செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சிலதான இருந்துச்சு, இன்னும் சொந்தபந்தம் பாதி அந்தப் பக்கம், பொண்ணு குடுக்கறது எடுக்கறது எல்லாம் உண்டு, ஆஸ்பத்திரிக்கும் திருவனந்தபுரம்தான் ஓடுதோம். ஆனா உதவி எல்லாம் ரேஷன் கார்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான். எங்க மச்சான் வீட்டுல ஆதார்ல புனலூர் விலாசம், கார்டு இங்க, ரெண்டு பக்கமும் "அங்க போங்க"ன்னு சொல்லி ஒன்றரை வருசம் போச்சு. ஒரு ஆபீஸ்ல பிள்ளையை நேர்ல கொண்டு வரணும்னு 3 தடவை வர வச்சாங்க, மூணாவது தடவை கையெழுத்து போடறவர் லீவு. கழுத்து நிக்காத பிள்ளையை பஸ்ல மடில வச்சு கொண்டு போறது எப்படின்னு அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உள்ளவங்களுக்கு ஒரு நாள் காட்டணும். அதனால முதல் வேலையா எல்லா பேப்பர்லயும் ஒரே விலாசம், ஒரே எழுத்துல பேர் இருக்கான்னு பாருங்க. எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போடுங்க, மருத்துவ சீட்டு தேதி வரிசைல. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்கு நீங்க போங்க, மதினி போக வேண்டாம்.

18 வயசு ஆனப்புறம் கார்டியன்ஷிப் (சட்டப்படி பாதுகாவலர் உரிமை) வேற வாங்கணும், கலெக்டர் தலைமைல உள்ள உள்ளூர் குழுகிட்ட. உங்களுக்கு இன்னும் 12 வருசம் இருக்கு, ஆனா காதுல போட்டு வைங்க.


புனலூர்_டிரைவர் எழுதியது:

சேட்டா, எங்க வீட்டுல சிபி இல்ல, மகளுக்கு டைப் 1 சுகர், 8 வயசு. ஆனா இந்த இழை முழுக்க எங்க வீட்டுக் கதை மாதிரியே இருக்கு. அவளை பாத்தா ஒரு நோயும் தெரியாது, அதனாலயே யாரும் நம்ப மாட்டாங்க. முதல்ல சேத்த ஸ்கூல்ல கிளாஸ்ல ஊசி போடக்கூடாது, பாத்ரூம்ல போய் போட்டுக்கச் சொன்னாங்க. என் பொண்டாட்டி தினமும் மதியம் ஸ்கூல் கேட்ல போய் நிப்பா. கேரளாவுல மிட்டாய்ன்னு திட்டம் இருக்கு, இந்தப் பிள்ளைகளுக்கு இன்சுலினும் சுகர் பாக்கற சாமானும் தர்றாங்க, அதுல கஷ்டம் பாதி தீந்துச்சு. மீதி பாதியை தீத்தது புது ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க. அவங்களே கேட்டு வந்து ஊசி போடக் கத்துக்கிட்டாங்க, லோ சுகர் வந்தா எப்படி முகம் வெளிறும்னு கத்துக்கிட்டாங்க, மேசை டிராயர்ல குளுக்கோஸ் வச்சிருக்காங்க. இப்ப என் பொண்டாட்டி மதியம் வீட்டுல உக்காந்து சோறு சாப்பிடறா, மூணு வருசத்துக்கு அப்புறம்.


தென்காசி_பிசியோ எழுதியது:

டீச்சர்னதும் ஞாபகம் வந்துச்சு. சித்தப்பா, அவனுக்கு 6 வயசுன்னா ஸ்கூல் வயசு. பக்கத்து அரசுப் பள்ளில பேர் சேருங்க. வர முடியாத பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்துல இருந்து சிறப்பு ஆசிரியர் வீட்டுக்கு வருவாங்க. ஸ்கூல் ரிஜிஸ்டர்ல அவன் பேர் இருக்கணும். சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோ வீட்டுக்கு வருவாங்களான்னும் கேளுங்க, 2021ல இருந்து இருக்கு.

உங்க அம்மா பத்தி ஒன்னு. ஆச்சிமார் பிள்ளையை பாத்து "என்ன பாவம் செஞ்சமோ"ன்னு சொல்றது நிறைய வீட்டுல கேக்கறேன், கேக்கற மருமக உள்ளுக்குள்ள செத்துருவா. சண்டை போட்டு அதை நிறுத்த முடியாது. நான் என்ன செய்வேன்னா ஆச்சி கைல ஒரு வேலைய குடுப்பேன். காலைல தேங்காண்ணெய் தேச்சு கை விரலை ஒவ்வொன்னா விரிச்சு விடறது, அது ஆச்சி வேலை. மூடின விரலுக்குள்ள அழுக்கு சேந்து புண்ணாகும், ஆச்சி தினமும் திறந்து துடைச்சு விடட்டும். ஒரு வீட்டுல அப்படி ஆரம்பிச்ச ஆச்சி ஆறாவது மாசம் என்கிட்ட "எய்யா, இவன் கட்டை விரலு இன்னைக்கு தானா விரிஞ்சுட்டு, நீ பாரு"ன்னு சண்டை போட்டு காட்டினாவ.


செங்கோட்டை_சித்தப்பா எழுதியது:

மூணு வாரம் ஆச்சு, வந்து சொல்லலன்னா தப்பு.

திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் 6.30ல இருந்து 8.30 வரைக்கும் நான். செவ்வாய், வியாழன் என் வீட்டுக்காரி. மதினிகிட்ட கேக்கல, வந்து நின்னு சொன்னேன், குளத்துப்புழா அக்கா சொன்ன மாதிரியே. முதல் நாள் அவுக சிரிச்சாவ, நம்பல. முதல் வாரம் பக்கத்துல உக்காந்து பாத்தேன். பாத்ததை ஒரு பழைய டைரில எழுதினேன். அவன் இன்னும் வேணும்னா மூக்கால ஒரு சத்தம், போதும்னா தலைய எங்க அம்மா இருக்கற பக்கம் திருப்புதான். தண்ணி வேணும்னா உதட்டை மட்டும் அசைக்கான். ஆறு வருசமா இதை நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன், ஒன்னும் தெரியல எனக்கு.

ரெண்டாவது வாரம் நான் ஊட்டினேன். முதல் ஸ்பூன் எல்லாம் வெளியதான். சட்டை பூரா ராகிக் கூழ். நாலாவது ஸ்பூன் முழுங்கினான், தொண்டை ஏறி இறங்குறது தெரிஞ்சுது, அந்த நேரம் ரயில் வந்துட்டு, கைய விரிச்சு அவன் சிரிக்க வாய்ல இருந்தது எல்லாம் என் மேல. 40 நிமிசம் ஆச்சு. மதினி அடுத்த ரூம்ல கதவை சாத்தாம படுத்திருந்தாவ. நேத்து முதல் தடவையா கதவை சாத்திக்கிட்டாவ.

ஞாயித்துக்கிழமை பிள்ளையும் மதினியும் இலஞ்சி போயிட்டு வந்தாவ. மூத்தவ கைல பாசிமணி வாங்கி போட்டிருக்கா, வந்ததும் அதை சின்னவன் கண்ணு முன்னாடி ஆட்டிக் காட்டினா. எங்க அம்மா விரல் வேலைய எடுத்துக்கிட்டாவ. யுடிஐடி இருக்கு, ஆனா அதுல அவன் பேர்ல ஒரு எழுத்து தப்பு, வாப்பா சொன்னது அப்படியே, வர்ற திங்கக்கிழமை அதுக்காக லீவு போட்டிருக்கேன். அண்ணன்கிட்ட ஆய்க்குடி பத்தி பேசியாச்சு, அடுத்த டிரிப் முடிச்சு வந்ததும் எல்லாரும் போறோம்.

ஒரு சந்தேகம் பிசியோ சார், அவனை உக்கார வைக்க தனி சேர் இன்னும் வாங்கல, அதுவரைக்கும் என் மடில வச்சுத்தான் ஊட்டுதேன், கழுத்து இடது பக்கம் சரிஞ்சுக்கிட்டே போவுது, என் கை முட்டி அதை தாங்கி தாங்கி மரத்து போவுது. எதாவது வழி இருக்கா?


தென்காசி_பிசியோ எழுதியது:

குளிக்கற துண்டு ரெண்டு எடுங்க, நீளவாக்குல இறுக்கமா சுருட்டி ரெண்டு முனையையும் ரப்பர் பேண்டால கட்டுங்க. அதை அவன் பின்கழுத்துல இருந்து ரெண்டு தோளுக்கும் மேல முன்னால வர்ற மாதிரி லாடம் போல வைங்க, தொண்டையை தொடக்கூடாது. தலை ரெண்டு பக்கமும் சரியாது, உங்க கைக்கு ஓய்வு. சுவர் மூலைல தலகாணி வச்சு நீங்க முதுகை குடுத்து உக்காருங்க, உங்க முட்டியை மடக்கி அவன் தொடையை அதுல ஏத்தி வைங்க, இடுப்பு மடங்கினா இறுக்கம் குறையும். வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம்தான் வர்றேன், 6.30க்கு நீங்க ஊட்டுறப்பவே வந்து பாக்கறேன்.